வெறுந் தாங்கி

வாடைக் காற்றுத் தொடங்குமுன் கூரை வேய்வதும் வேலி அடைப்பதும் எமது உடுப்பிட்டியில் நெடுநாள் வழக்கம். பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்போருக்கு இவற்றோடு இன்னுமொரு வழக்கம் உண்டு. நிலத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிவயிற்றை ஒருமுறை பார்த்து வைப்பதே அது. சென்ற புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை காலை நாமும் அவ்வாறு படுத்தோம். படுத்த மாத்திரத்தில் எமது நெற்றியில் ஒரு துளி விழுந்தது. குளிர்ந்த துளி. மணத்தைக் கொண்டே அது இன்னதென்று அறிந்தோம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை வாசகர் அறிவர். ஆகவே அத்துளியைத் திருநீறுபோல நெற்றியில் ஏற்றுக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை.

வண்டி எமது தந்தையாருடையது. அவருக்கும் அது அவர் தந்தையாரிடமிருந்து வந்தது. 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. இந்த வண்டியை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948 இல் இலண்டன் காட்சியில் இது முதன்முதலாக வைக்கப்பட்டபோது, கம்பனியின் அதிபரான நஃபீல்ட் பிரபுவுக்கே இதனைப் பிடிக்கவில்லை. அவித்த முட்டையைப் போல இருக்கிறதென்று கூறினாராம். அந்த முட்டை பதினாறு இலட்சம் வரையிற் பொரித்தது! பத்திலட்சமாவது வண்டி 1960 இன் இறுதியிற் செய்யப்பட்டது. இங்கிலாந்திலே விடுமுறை நாளில் உலாவருவதற்குச் செய்த பொருள், யாழ்ப்பாணத்திலே மூன்று தலைமுறைக்குக் குடும்பச் சொத்தாக நின்று உழைத்தது.

அதற்குக் காரணம் எம்மவரின் சிக்கனம் மாத்திரமன்று. 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடையால் இலங்கைக்குக் கார்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1977 வரை அந்நிலை நீடித்தது. பின்னர் போர் வந்தது. வந்தவற்றையே வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எமது மெக்கானிக்குகள் உலகத்தில் வேறெங்கும் காணாத கைவன்மையைப் பெற்றதும் இவ்வாறுதான். இன்றும் கலியாண வீட்டுக்கு ஓர் ஒஸ்ரின் ஏ-நாற்பது வந்து நின்றால், மாப்பிள்ளையை விட வண்டியைப் பார்க்கும் முதியவர்கள் பலர்.

நிற்க. துளிக்கு வருவோம்.

மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி, பின்புற டிக்கியின் அடித்தளத்திலுள்ள வாயிலிற் பொருந்தி, சுற்றிவர விளிம்பு வைத்துத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். பிந்திய வண்டிகளில் அது ஆறரைக் கலன், அதாவது இருபத்தொன்பதரை லீற்றர் கொள்ளும். கீழ்ப்பாகம் தெருவைப் பார்த்தபடி தொங்கும். எமது கடற்கரை உவர்க்காற்றும் மாரிச் சேறும் வெளியிலிருந்து அதனை அரிக்கும் என்பது எவருக்கும் தெரிந்ததே. ஆயின் தாங்கிகளில் மிகப்பல உள்ளிருந்தே ஓட்டையாகின்றன. பாதி வெறுமையான தாங்கிக்குள் இருக்கும் காற்று இரவிற் குளிரும்போது அதிலுள்ள ஈரம் தகட்டில் வியர்த்து நீராக வடியும். பெற்றோல் நீரிலும் இலேசானது. ஒரு லீற்றர் ஏறக்குறைய முக்காற் கிலோ நிறைதான். ஆகையால் நீர் அடியிற் போய்த் தங்கும். தங்கிய இடத்திற் கறள் பிடிக்கும். எமது தந்தையார் 2022 ஆம் ஆண்டு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிய காலத்தில், வாரப் பங்கீட்டில் கிடைத்த பெற்றோலைச் செலவிட மனமின்றி மாதக்கணக்கில் தாங்கிக்குள் வைத்திருந்தார். அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். அவரிடம் இதனை நாம் சொல்லவில்லை.

ஓட்டை ஊசிமுனையளவே இருந்தது. குளியலறையிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்துவந்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தோம். ஒழுக்கு நின்றது. பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைப்பதில்லை. வழியில் அகப்பட்டுக்கொண்டவர்க்கு இது நல்ல கைமருந்து. ஆயினும் கைமருந்து வைத்தியமாகாதன்றோ? நெல்லியடியிலிருந்து எமது மெக்கானிக் அண்ணையை அழைப்பித்தோம். எழுபதைத் தாண்டியவர். எமது வண்டியை எம்மிலும் நன்கறிந்தவர். அவர் வந்து படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாஸ்ரர், உதை இனிக் கழட்டத்தான் வேணும். உந்தப் பைப்படியைப் பாருங்கோ, எல்லாம் பொருக்கு."

அவர் பைப்படி என்றது, தாங்கியின் அடியில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்த ஒரு சிறு பித்தளைக் குழாய்வாயை. இங்கிலாந்திலிருந்து வந்த எந்த மொறிஸ் மைனரிலும் அதனை வாசகர் காணமாட்டார். அது 1990 ஆம் ஆண்டு எமது வீட்டு முற்றத்தில் ஒட்டப்பட்டது.

இளம் வாசகர் சிலருக்கு அக்காலம் கதையாகவே இருக்கும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோல் வரத் தடை, பற்றறிகளுக்கும் தடை. மண்ணெண்ணெய் அருமையாக, நெருப்பு விலையிற் கிடைக்கும். கார் வைத்திருந்தோர் அதனிலேயே ஓடினர். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் பற்றாது. ஆகவே சேலைன் ஏற்றும் போத்தலும் குழாயும் தேடியெடுத்து, கையிலிருக்கும் சிறிதளவு பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெயை அது ஏற்றுக்கொள்ளும். பின்னாற் கரும்புகை, உள்ளே எஞ்சின் ஒயில் மெலிந்து கெடும், பிளக்குகளிற் கரி கட்டும். ஆயினும் வண்டி ஓடும். இது எம்மவர் கண்டுபிடித்த வித்தை என்று நாம் நெடுங்காலம் பெருமைப்பட்டதுண்டு. பிற்காலத்திற் படித்தபோதுதான் அறிந்தோம், இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில் ஓடியதென்று. அவற்றில் எழுப்புவதற்குப் பெற்றோலும் உழுவதற்கு மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெயும் வெவ்வேறாக வைத்திருப்பர். அவர்கள் அதற்கேற்ப எஞ்சினின் அமுக்கத்தைக் குறைத்துச் செய்தனர். நாமோ இருந்த எஞ்சினை இருந்தபடியே வருத்தினோம்.

குழாய்வாய்க்கு வருவோம். எமது வீட்டில் மண்ணெண்ணெய் வைக்க நல்ல பாத்திரம் இருக்கவில்லை. தாங்கியோ ஆறரைக் கலன். தந்தையார் அதன் அடியிற் குழாய்வாய் ஒட்டுவித்து அதனை வீட்டுக் களஞ்சியமாக்கினார். மாலையில் அம்மா ஒரு சிரட்டையோடு வந்து குனிந்து எண்ணெய் பிடிப்பார். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் ஒரு நூல் திரியும். அதுவே எமது விளக்கு. பின்னாளில் நாம் விஞ்ஞானப் பட்டதாரியாகி இரசாயனம் கற்பிக்க வந்தோமாயின், அந்தப் படிப்பின் முதற்பகுதி மொறிஸ் மைனரின் அடிவயிற்றிலிருந்து எரிந்ததே.

அக்குழாய்வாய்க்கு வேறொரு பயனும் உண்டாயிற்று. 1991 ஐப்பசியில் ஓர் இரவு, நல்ல மழை. அயல்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வேதனை தொடங்கிற்று. மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் அன்று ஓடக்கூடியதாயிருந்தது எமது வண்டி. தந்தையார் கைபிடியாற் சுழற்றி எழுப்புவார். பொனற்றைத் திறந்து பெற்றோல் விடும் உத்தியோகம் எம்முடையது. நாம் அப்போது பதினொரு வயதுச் சிறுவர். முன்விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. வானத்தில் இரைச்சல் கேட்டால் அதனையும் அணைக்க வேண்டும்.

நெல்லியடியைக் கடந்ததும் எஞ்சின் இருமிற்று; இருமி நின்றது. அன்று காலை வீதியோரத்தில் வாங்கிய மண்ணெண்ணெயில் எவரோ நீர் கலந்திருந்தனர். தந்தையார் சேற்றிற் படுத்துக் குழாய்வாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். நீரே வந்தது. எண்ணெய் வழுவழுப்பு விரலிற் படும்வரை நிலத்திற் போகவிட்டு மூடினார். காபரேற்றரின் கிண்ணத்தையும் கழற்றித் துடைத்தார். பின்னாசனத்தில் அக்கா முனகிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் இரண்டு தேக்கரண்டி இருக்கும்.

தந்தையார் முன்னாற் சென்று கைபிடியை மாட்டினார். அவர் சொல்லுமுன் நாம் அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டோம். இருட்டு, கை நடுக்கம். பாதி காபரேற்றருக்கு வெளியே சிந்திற்று. மணம் எழுந்ததும் தந்தையார் அறிந்துகொண்டார். அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம். "தம்பி, மிச்சத்தை நான் சொல்லேக்கை விடு," என்றார். அவ்வளவே. சொன்னபோது விட்டோம். மூன்றாம் சுழற்சியில் எஞ்சின் பற்றிற்று. ஆஸ்பத்திரி வாசலில் அதனை நிறுத்தாமலே, மீண்டும் எழுப்பப் பெற்றோல் இல்லையாதலால், அப்படியே திருப்பிக்கொண்டு வந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்ததென்று மறுநாட் சொன்னார்கள்.

இத்தனையும் இருப்பதால், தாங்கியைக் கழற்றவேண்டுமென்று அண்ணை சொன்னபோது தந்தையாரின் முகம் போன போக்கை வாசகர் ஊகிக்கலாம். எண்பத்திரண்டு வயது. "ஒட்டலாம்தானே, ஏன் மாத்துவான்?" என்றார். ஒட்டலாமென்றே நாமும் எண்ணினோம். முதலில் ஒட்டவே கொண்டுபோனோம்.

பற்றறியின் தொடுப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே மரநிழலில் வண்டியை நிறுத்தி, தாங்கியில் இருந்ததை வடித்தெடுத்தோம். பின்னர் பெற்றோற் குழாயின் இணைப்பு, அளவுமுள்ளுக்குப் போகும் கம்பி, நிரப்புகுழலின் றப்பர் இணைப்பு, சுற்றுவிளிம்புத் திருகாணிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். திருகாணிகளில் நான்கு கறளோடு கறளாகி முறிந்தன. தாங்கி வெளியே வந்தது. அண்ணை அதனைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து, நிரப்பு வாயால் எம்மைப் பார்க்கச் சொன்னார். கரிய வானத்தில் ஐந்தாறு நட்சத்திரங்கள்! எல்லாம் பித்தளை வாயைச் சுற்றியே. பித்தளையும் இரும்பும் உவர்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் இரும்பே கரையும். இதனை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையிற் படம் வரைந்து கற்பிக்கிறோம். வீட்டுத் தாங்கியில் அது முப்பத்தைந்து ஆண்டு நடந்துகொண்டிருந்தது எமக்குத் தெரியாது.

அயலூரில் ஓர் ஒட்டுவேலை நிலையம், பெயர் வேண்டா. அங்குள்ள இளைஞர் தாங்கியை வாங்கி, இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினார். "இனி ஒண்டும் இல்லை, சேர்," என்று சொல்லிவிட்டு வாயு விளக்கை எடுத்தார். நாம் கைகட்டி நின்றோம். எரிபற்று நிலையைப் பற்றி இருபது ஆண்டு கற்பித்தவர் நாம்! பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கச் சென்றிருந்த அண்ணை அந்நேரம் திரும்பிவந்திராவிடில் இப்பகுதியை இந்த ஞாயிறு வேறொருவரே எழுதியிருப்பார். அவர் ஓடிவந்து இளைஞரின் கையைப் பிடித்தார்.

"தம்பி, வெறுந்தாங்கி எண்டு நினையாதை. நிறைஞ்ச தாங்கியை விட வெறுந்தாங்கிதான் பொல்லாதது."

அன்றிரவு வீட்டில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாணவரும் போட்டுப் பார்க்கலாம். பெற்றோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைவாக இருந்தால் எரியாது, 7.6 பங்குக்கு மேற்பட்டாலும் எரியாது, மூச்சுக்குக் காற்றுப் போதாது. இரண்டுக்கும் இடைப்பட்டால் வெடிக்கும். நிறைந்த தாங்கியின் மேலிடத்தில் ஆவி மிகுந்திருக்கும். ஆகவே அங்கு எளிதில் வெடியாது. வெறுந்தாங்கியிலோ ஆவியும் காற்றும் அளவாகக் கலந்து நிற்கும். 29.5 லீற்றரில் 1.4 பங்கு என்பது ஏறக்குறைய 0.41 லீற்றர் ஆவி. எமது வெப்பத்தில் ஒரு மூல் ஆவி 25 லீற்றர் அளவு இடம்பிடிக்கும். ஆகவே இது ஒரு மூலின் அறுபதில் ஒரு பங்கு. நிறை ஒன்றரைக் கிராம். திரவமாக எண்ணினால் இரண்டு மில்லிலீற்றர்; தேக்கரண்டியிற் பாதிகூட இல்லை. மேலெல்லையும் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிதான். விளிம்பின் மடிப்புக்குள்ளும் கறளின் அடியிலும் ஒளிந்திருக்கும் ஈரமே இதற்குப் போதும். இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அது போய்விடுமா? நெருப்பின் சூடு பட்டவுடன் வெளிவந்து நிற்கும். பெற்றோல் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானதாகையால், மூடி திறந்து வைத்ததனால் மேலே பறந்துபோகவும் மாட்டாது. கிணற்று நீர்போல உள்ளேயே கிடக்கும்.

மண்ணெண்ணெய் அவ்வாறன்று. 38 பாகை வரையிற் சூடேறினாலன்றி அதன் ஆவி தீப்பற்றாது. பெற்றோலோ உறைபனியிலும் பற்றும். அம்மா சிரட்டையோடும் கையில் விளக்கோடும் அந்தத் தாங்கியடியிற் குனிந்த மாலைகள் எத்தனை! உள்ளே பெற்றோல் இருந்திருந்தால்? இந்த எண்ணம் எமக்கு இவ்வளவு காலமும் வரவில்லை. அன்றிரவு வந்தது, நித்திரை வரவில்லை.

பழைய தாங்கியில் நெருப்பு வேலை செய்வதாயின், அதனை வெந்நீராவியால் நெடுநேரம் அவித்துக் கழுவவேண்டும். அல்லது ஒட்டும் இடம் மட்டும் வெளியே நிற்க, நீரால் நிரப்பிவிட வேண்டும். அதுவும் பழகியவர் கையால். வீட்டில் எவரும் முயலவேண்டா. இதனை இரு தரம் வாசிக்கும்படி மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அண்ணையின் தீர்ப்பு வேறு. "ஒண்டை ஒட்ட மற்றது விடும், மாஸ்ரர். உது சல்லடை." ஆகவே மாற்றுத் தாங்கி. எங்கே பெறுவது? இங்கிலாந்தில் மொறிஸ் மைனரைப் போற்றும் சங்கங்கள் பல. புதிதாகச் செய்த தாங்கியே அங்கு விலைக்குக் கிடைக்கிறது. கப்பற் கூலியும் சுங்கமும் சேர்ந்தபோது எமது ஒரு மாதச் சம்பளம் அதற்குள் அடங்கவில்லை. இதில் ஒரு விந்தை: பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேயர் என்பவர், 1991 இல் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து, இந்நாட்டின் தென்பகுதியிலேயே மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகடுகளைக் கையாலடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். நாம் வடக்கில் இருட்டிற் பெற்றோலைச் சிந்திய அதே ஆண்டு! ஒரே தீவு, ஒரே வண்டி.

கழிக்கப்பட்ட வண்டியொன்றின் தாங்கியையும் பார்த்தோம். அதிலும் நட்சத்திரங்கள் தெரிந்தன. முடிவில் நெல்லியடிப் பக்கத்துத் தகரப் பட்டறையொன்றில் பழையதை மாதிரியாகக் கொடுத்துப் புதியது செய்வித்தோம். முன்னர் ஓடிய வண்டிகளின் எத்தனையோ உறுப்புக்கள் அக்கைகளிற் பிறந்தவை. தந்தையார் நாள்தோறும் சென்று பக்கத்தில் ஒரு வாங்கில் அமர்ந்து மேற்பார்த்தார். அவர் போனது நல்லதாயிற்று. பழைய தாங்கிக்குள் ஒரு தடுப்புத்தகடு உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது பெற்றோல் ஒரே பக்கமாக அலைமோதாமல் காப்பது அது. வெளியிலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாதாகையாற் பட்டறைக்காரர் அதனை விட்டுவிடப் பார்த்தார். "தம்பி, உள்ளுக்கு ஒரு மறைப்பு இருக்க வேணும்," என்று தந்தையார் கூறி, தகட்டில் எங்கெங்கே துளை விடவேண்டுமென்பதைச் சுண்ணக்கட்டியாற் கீறிக் காட்டினாராம்.

பொருத்துகைக்கு முன் அண்ணை வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றேற்றி, பொருத்துக்களெங்கும் சவர்க்கார நுரை தடவினார். ஒரு மூலையிற் குமிழி எழுந்தது. திருப்பிக் கொடுத்துப் பற்றுவைத்தோம். மறுமுறை எழவில்லை. உள்ளே கிடந்த தகட்டுத் துருவல்களைக் கழுவி, வெயிலில் இரண்டு நாட் காயவைத்தோம். வெளிப்புறம் கறுப்பு மை பூசினோம். இந்தப் பூச்சுத்தான் பின்னர் எம்மைக் கேலிக்கூத்தாடிற்று.

பொருத்துவது கழற்றியதன் மறுதலை என்று புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அப்புத்தகங்களை எழுதியோர் பொருத்தியதில்லைப் போலும். விளிம்புத் துளைகள் மூன்று ஒரு நூலளவு விலகி நின்றன, அரத்தால் அகட்டினோம். விளிம்பின் கீழே றப்பர் நாடா வைத்தோம். நிரப்புகுழலின் பழைய றப்பர் கல்லாக இறுகியிருந்ததால் புதிது வெட்டினோம். தண்ணீருக்குப் பாவிக்கும் குழாய் பெற்றோலில் ஊதிக் கெடும், அதற்கென்றுள்ளதே வேண்டும். அளவுமிதவைக்கு அண்ணை தக்கையில் வளையம் அறுத்தார். இத்தனைக்கும் ஒரு முழுநாட் சென்றது. இடையில் எமது துணைவியார், "இஞ்சருங்கோ, உந்தக் கையோடை சாப்பிட வராதேங்கோ," என்று மூன்று முறை கூறியதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஐந்து லீற்றர் பெற்றோல் விட்டோம். பற்றறியைத் தொடுத்துத் திறப்பைத் திருப்பினோம். அளவுமுள் எழுந்தது, எழுந்து, அரையைக் கடந்து, முக்காலைக் கடந்து, நிறைந்தது என்னும் கோட்டிற் போய் நின்றது! இருபத்தொன்பது கொள்ளும் தாங்கியில் ஐந்து.

தந்தையார் கதிரையில் இருந்தபடி சிரித்தார். "தொண்ணூறாம் ஆண்டு உந்த முள்ளு இப்பிடி நிண்டிருந்தா, ஊர் முழுக்க எங்கடை படலையடியிலை நிண்டிருக்கும்."

காரணம் இது. மிதவையோடு இணைந்த மின்தடையின் மறுமுனை, தாங்கியின் உடல்வழியாகவே வண்டியின் உடலைச் சேரும். எமது கறுப்பு மையும் புது றப்பர் நாடாவும் அவ்வழியை அடைத்துவிட்டன. இவ்வண்டியின் காலத்து அளவுமானிகளில் அந்த வழி அறுந்தால் முள் நிறைவைக் காட்டும். பின்வந்த வேறுவகை மானிகளில் நேர்மாறாக வெறுமையைக் காட்டும். வெறுமை காட்டுவதே பயனுள்ள பிழையென்பது எமது கருத்து. நிறைவைக் காட்டும் பிழை மனிதரை நடுவழியில் விடும். அண்ணை ஒரு திருகாணியின் கீழே மையைச் சுரண்டி, அங்கிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு செப்புக் கம்பி கட்டினார். முள் நாணியதுபோல இறங்கிக் காலுக்குக் கீழே நின்றது.

அடுத்தது பம்பு. மொறிஸ் மைனரில் அது மின்சாரத்தால் இயங்குவது; பொனற்றின் கீழே இருந்து டிக், டிக் என்று அடிக்கும். காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் தானாக நிற்கும். நில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறதென்பது பொருள். அது நிற்கவில்லை. தந்தையார் எழுந்து வந்து, பொனற்றிற் கைவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். காதுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டதை நாம் கண்டோம். கையாலேயே அவர் கேட்டார் போலும். "பின்னாலை, தாங்கியடி யூனியன்," என்றார். அண்ணை படுத்து அங்கே ஸ்பனரால் காற்சுற்று இறுக்கினார். டிக், டிக், டிக். இடைவெளி நீண்டது. நின்றது. எஞ்சின் இரண்டாம் முறையில் எழுந்தது.

எங்கே போவதென்று தந்தையாரைக் கேட்டோம். சந்நிதிக்கென்று சொல்வாரென எண்ணினோம். "மந்திகைப் பக்கம் போட்டு வருவம்," என்றார். போனோம். நெல்லியடியைக் கடந்ததும் ஓரிடத்தில் மெதுவாக விடச் சொல்லி வெளியே பார்த்தார். இன்று அங்கே மாடிக் கடைகள். எந்த இடமென்று எமக்கு நிச்சயமில்லை. அவருக்கும் இல்லையென்றே நினைக்கிறோம். முப்பத்துநான்கு ஆண்டாகக் கேளாத ஒன்றை அப்போது கேட்டோம்: அன்று ஏன் எம்மை ஏசவில்லை?

"ஏசினா மிச்சத்தையும் ஊத்திப்போடுவாய் எண்டு பயம்," என்றார்.

பழைய தாங்கியை வாங்கப் பழைய இரும்புக்காரர் வந்தார். அண்ணை அதனை நீரால் நிரப்பிவைத்துப் பித்தளை வாயை மாத்திரம் சூடுகாட்டிக் கழற்றியெடுத்தார். தாங்கிக்குள் என்ன இருந்ததென்பதை இரும்புக்காரருக்குச் சொல்லி, வெட்டுமுன் நீர் நிரப்பும்படியும் எச்சரித்தே கொடுத்தோம். பித்தளை வாயை அம்மா சாம்பலும் புளியும் போட்டு மினுக்கினார். அது இப்போது தந்தையாரின் மேசை இழுப்பறையில், பழைய பத்திரிகைத் தாளொன்றிற் சுற்றிக் கிடக்கிறது.

இதனை எழுதும் நாள்வரை மூன்று முறை சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டோம். நெற்றியில் எதுவும் விழவில்லை. நிரப்பு மூடியின் உள்வளையம் மாத்திரம் வெடித்திருக்கிறது. அதனை அடுத்த கிழமை அண்ணை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.